சேற்றுக் குழியை மூடிய வருஷம்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ராயபுரத்தில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். கோபம் வந்தால் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். அப்புறம் எதிரே நிற்கிறவர்கள் பாடு. என் வீட்டுக்காரர் இதற்கு நேர்மாறு. பேசவேண்டிய இடத்தில்கூடப் பேசமாட்டார். ஒன்று கேட்டால் தலையை ஆட்டுவார், ரொம்பக் கேட்டால் "சரிம்மே" என்பார். கல்யாணமான புதிதில் இந்த மனிதருக்குக் காது கேட்கிறதா இல்லையா என்றே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர் பன்றிக்கறி வெட்டுகிறவர். அறுபதுகளின் கடைசியில் நாங்கள் குடியிருந்த வீடு கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து ஜனம் வெளியே வருகிற நேரத்துக்கு வாசலில் புளியங்கட்டையைப் போட்டுவிடுவார். ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்கள், ரயில்வேக்காரர்கள், கடலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் கையில் பாத்திரத்தோடு வந்து நிற்பார்கள். கல்யாணமோ ஞானஸ்நானமோ, கறி இவர் கையால் வெட்டியதாக இருக்க வேண்டும். இவர் கை சுத்தம் என்று பேர். எடையில் ஏமாற்றமாட்டார், பழைய கறியைப் புதுக் கறியோடு கலக்கமாட்டார். எங்கள் வீட்டில் சொத்து என்று சொல்ல அந்தப் பேர் ஒன்றுதான் இருந்தது, எனக்கு அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது.

தவக்காலம் நாற்பது நாளும் எங்கள் ஜனம் கறி தொடாது. கட்டை சுவரில் சாய்ந்து கிடக்கும். வேலை இல்லாத அந்த நாட்களில்தான் இவர் பன்றியைச் சேர்ப்பார். தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு வருவார், சட்டையைக் கழற்றி மாட்டுவார், கெடாப் பன்றியை அவிழ்த்துப் பெண் பன்றியிடம் விடுவார். அன்றிலிருந்து மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள். ஜூன் மாதத்தில் குட்டி போட்டால் கிறிஸ்மஸுக்கு ஆறு மாதக் குட்டியாகி வெட்டுக்குச் சரியாக நிற்கும். அவர் அப்பா செய்ததும் இப்படித்தான். இதில் பங்குனி, சித்திரை, வைகாசி என்று வெயில் காலம் முழுவதும் பன்றி சினையாக இருக்கிறதே என்று யாரும் யோசித்ததில்லை. யோசிக்கத் தேவையும் இல்லை, ஏனென்றால் பின்பக்கம் சேற்றுக் குழி இருந்தது.

பாத்திரம் தேய்க்கிற தண்ணீர், குளிக்கிற தண்ணீர், அரிசி களைகிற தண்ணீர் எல்லாம் ஓடிப்போய்ச் சேருகிற குழி அது. ஒரு கட்டில் அகலம் இருக்கும். பக்கத்தில் ஒரு பூவரச மரம். பன்றி காலையில் இறங்கினால் காதும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய நாள் முழுக்கக் கிடக்கும். எனக்கு அந்தக் குழியைக் கண்டாலே ஆகாது. துணி காயப்போட்டால் அதன்மேல் சேற்றை உதறும். ஒரு தடவை என் கல்யாணப் புடவையின் மேலேயே உதறிவிட்டது, அன்றைக்கு நான் பேசிய பேச்சைப் பக்கத்து வீட்டுக்காரி ரொம்ப நாள் சொல்லிச் சிரித்தாள்.

அந்த வருஷம் ஈஸ்டர் முடிந்ததும் சாமியார் வீடு வீடாக மந்திரிக்க வருகிறார் என்றார்கள். புதுச் சாமியார். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் சமையல்கட்டு வரைக்கும் போய்த் தீர்த்தம் தெளித்தாராம். சமையல்கட்டுக் கதவைத் திறந்தால் நேரே குழிதான். தீர்த்தம் தெளிக்க வருகிறவர் முகத்துக்கு நேரே ஒரு பன்றி சேற்றோடு எழுந்து நின்றால் என் மானம் என்ன ஆகும்? என் தம்பி அப்போது ஹார்பரில் வேலையாக இருந்தான். தார் வந்த பீப்பாய்களை வெட்டித் தட்டி நீட்டிய தகரமும், ஒரு மூட்டை சிமெண்டும் அவனிடம் கேட்டு வாங்கினேன். கடற்கரை மணலைக் கொட்டிக் குழியை மூடினோம். மேலே சிமெண்ட் தரை. சுற்றி இடுப்பளவு சுவர். மேலே கறுப்புத் தகரம். இலை கொட்டித் தரை அசிங்கமாகிறது என்று பூவரசையும் வெட்டச் சொல்லிவிட்டேன். அப்போது பன்றி சினையாகி ஏழெட்டு வாரம் இருக்கும்.

எல்லாம் முடிந்த பிறகு என் வீட்டுக்காரர் வந்து நின்று பார்த்தார். தரையைக் காலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

"சேறு இருந்தா நல்லாருக்கும்மே" என்றார்.

"உனக்குச் சேறு புடிக்கும்னா நீ போய்ப் படுத்துக்க. என் வூட்ல இனிமே சேறு கெடையாது" என்றேன்.

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். சாமியார் வந்தார், முன் அறையில் தீர்த்தம் தெளித்தார், நான் வாங்கி வைத்திருந்த கலர் சோடாவில் பாதியைக் குடித்தார், கிளம்பிவிட்டார். பின்பக்கம் என்று ஒன்று இருப்பதாகவே அவர் கண்டுகொள்ளவில்லை. நானாக இரண்டு தடவை சமையல்கட்டுக் கதவைத் திறந்து வைத்தும் பார்த்தேன்.

அப்புறம் கத்திரி வெயில் வந்தது. ராயபுரத்தில் வெயில் காலத்துக்கு ஒரு மருந்து உண்டு, மத்தியானம் கடல்காற்று திரும்பிவிடும். ஆனால் எங்கள் பின்பக்கத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, ரயில்வேயின் பெரிய மதில் குறுக்கே நின்றது. தார்த் தகரம் கொதித்தது. அதன் கீழே பன்றி வாயைத் திறந்துகொண்டு விடாமல் மூச்சு வாங்கியது. தரை கொஞ்சம் நிழலாக இருக்கிற இடத்தைத் தேடி மூலை மூலையாகப் புரண்டது. தவிடும் கஞ்சியும் கலந்து வைத்தால் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்து அந்த ஈரத்தில் வயிற்றை வைத்துப் படுக்கும், நான் அதையும் துடைத்து விடுவேன். தரை பளிச்சென்று இருக்க வேண்டும் அல்லவா.

மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். சினையாக இருக்கிற உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி வரும் என்று நானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தேன். என் பெரியவள் வயிற்றில் இருந்தபோது என்னை அப்படித்தான் வெந்நீரிலேயே குளிப்பாட்டினார்கள். அதே பக்குவத்தைப் பன்றிக்கும் பார்த்தேன். நல்லது செய்கிறோம் என்று நினைத்துச் செய்வதில் இருக்கிற பிடிவாதம் கெட்டது செய்கிறவனிடம்கூட இருக்காது.

ஜூனில் எட்டுக் குட்டி போட்டது. வருஷா வருஷம் குட்டிகளை இரண்டு கையாலும் ஏந்தித்தான் தூக்குவேன். இவை ஒரு கைக்குள் அடங்கின. இரண்டு அன்றைக்கே போய்விட்டன. மிச்சம் ஆறும் பிழைத்தன, ஆனால் ஒரு மாதிரிக் குட்டிகள். ஒரு தட்டு கீழே விழுந்தால் போதும், கத்திக்கொண்டு சுவருக்குச் சுவர் ஓடும். தொட்டால் உடம்பெல்லாம் வெடவெடக்கும். என் வீட்டுக்காரர் அவற்றின் பக்கத்தில் குந்திக்கொண்டு ரொம்ப நேரம் பார்ப்பார். என்ன என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

ஆனால் மழைக்காலம் வந்ததும் குட்டிகள் தின்ன ஆரம்பித்தன, அப்படி ஒரு தீனி. உருண்டை உருண்டையாக ஆகிவிட்டன. நான் தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். தரை போட்டுக் கொடுத்தால் பன்றிகூட எப்படி வளருது பார் என்று பீற்றிக்கொண்டேன்.

கிறிஸ்மஸுக்கு முதல் நாள் மத்தியானம் அவர் வெட்ட ஆரம்பித்தார். வாசலில் வரிசை கோயில் தெரு வரைக்கும் நின்றது. நான் எடை போட்டுக்கொண்டிருந்தேன். தோலை உரித்ததும் கொழுப்பு மூன்று விரல் கனத்துக்கு இருந்தது. அதற்குள்ளே இருந்த கறிக்குச் சிவப்பே இல்லை, வெளிறிப்போய், அழுத்தினால் விரல் பள்ளம் அப்படியே நின்றது. கட்டையில் வைத்த கொஞ்ச நேரத்தில் கறியிலிருந்து தண்ணீர் கசிந்தது. அவர் துணியால் துடைத்தார். துணியைப் பிழிந்தார், மறுபடி துடைத்தார். அவர் முகத்தை நான் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்துக் கல்யாண வீடுகளுக்கெல்லாம் சமைக்கிற ஒரு அம்மாள் இருந்தாள். சமையல்கார அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். ஐம்பது வயது, நல்ல ஆகிருதி, என்னைப் போலவே வாய். அந்தக் கிறிஸ்மஸுக்கு அவள் வீட்டுக்குப் பெரம்பூரிலிருந்து புதுச் சம்பந்திகள் வந்திருந்தார்கள். ஊருக்கெல்லாம் சமைக்கிறவள் தன் சம்பந்திக்குச் சமைக்கிறாள், எப்படி இருந்திருக்க வேண்டும்? சட்டியில் கறி தண்ணீர் விட்டுத் தண்ணீர் விட்டு மிதந்ததாம். வெந்து இறக்கினால் கறி பாதியாகச் சுருங்கிவிட்டது, மிச்சம் கொழுப்பு. சம்பந்திகள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்களாம். அவள் அதைத்தான் தாங்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கூட்டம் இன்னும் கலையாத நேரத்தில், கோயில் படியில் என்னை நிறுத்தினாள்.

"உன் வூட்டுக்காரரு கறிய தண்ணில ஊறப்போட்டு எட ஏத்தி விக்கிறாரு. நல்ல நாள்ல, நம்ம ஜனத்துக்கே. கேக்க ஆளில்லன்னு நெனச்சிட்டாரா?"

நான் விடுவேனா? உன் கைக்குச் சமைக்கத் தெரியவில்லை என்றேன், உனக்குச் சட்டிக்கும் குடத்துக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றேன், இன்னும் இங்கே எழுத முடியாதது நிறையச் சொன்னேன். மணி அடிக்கிற கோயிற்பிள்ளை வந்து எங்களைப் பிரித்துவிட்டார். ஆனால் நான் கத்தக் கத்த, சுற்றி நின்றவர்கள் முகத்தில் ஒன்று தெரிந்தது. அவர்கள் வீட்டுச் சட்டியிலும் கறி மிதந்திருக்கிறது. யாரும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஜனவரி முதல் வாரத்தில் வருகிற மூன்று ராஜாக்கள் திருநாளுக்குப் பிறகு எங்கள் ஜனத்தில் கல்யாணங்கள் வரிசையாக வரும். அந்த வருஷம் ஒரு வீடுகூட எங்களிடம் வரவில்லை. பஸ் ஏறிப் பெரம்பூருக்குப் போய்க் கறி வாங்கி வந்தார்கள், பாத்திரத்தை மூடிக்கொண்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை இவர் வழக்கம்போலக் கட்டையைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார். பத்து மணி வரைக்கும் உட்கார்ந்துவிட்டு எடுத்து உள்ளே வைப்பார். நான் சண்டைக்குக் கிளம்பினால் கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார். ஒரு நாள் சோறு தின்றுகொண்டிருக்கும்போது, பன்றியை விற்றுவிட்டு ஹார்பரில் மூட்டை தூக்கப் போவதாகச் சொன்னார். வேலை கேட்டும் வைத்துவிட்டாராம். வேறு எதற்கும் நான் பயந்ததில்லை, அன்றைக்குப் பயந்தேன். கத்தியைக் கையில் எடுக்காத இவரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பொங்கல் லீவில் என் நாத்தனார் நெட்டுக்குப்பத்திலிருந்து வந்தாள். இவருடைய தங்கை. எங்கள் பன்றியோடு ஒரே வயிற்றில் பிறந்த இன்னொரு பெண் பன்றி அவளிடம் இருந்தது. கெடா எங்களுடையதுதான், வருஷா வருஷம் தவக்காலத்தில் மீன் வண்டியில் அவள் வீட்டுக்கும் ஒரு நடை போய்வரும். தீனியும் இரண்டு வீட்டிலும் அதே தவிடு, அதே கழனித்தண்ணீர். அவள் வீட்டில் ஒரு பன்றி வெட்டியிருந்தார்கள், தொடைக்கறி ஒரு துண்டு வாழையிலையில் சுற்றிக் கொண்டுவந்தாள். இவர் எங்கள் வீட்டில் மிச்சமிருந்த ஒரு பன்றியை அன்று காலைதான் வீட்டுக்காக வெட்டியிருந்தார். இரண்டு துண்டையும் ஒரே தட்டில் வைத்தார். எங்களுடையது வெளிறி, தன்னைச் சுற்றி ஒரு குளம் கட்டிக்கொண்டு கிடந்தது. அவளுடையது சிவப்பாக, இறுக்கமாக, வைத்த இடத்தில் ஈரமில்லாமல் இருந்தது.

நாத்தனார் பின்பக்கம் போய்த் தரையையும் தகரத்தையும் பார்த்துவிட்டு வந்தாள்.

"இன்னா அண்ணி, சினையா கீற பன்னிய இதுலயா வெச்சிருந்தீங்க? அதுக்கு வேர்க்காது அண்ணி, சேறு தான் அதுக்கு வேர்வ. தாய் வெந்தா வயித்துல கீற குட்டியும் வேகும். அப்பால அது எங்க கறி வெக்கும், கொழுப்பு தான் வெக்கும். அண்ணனுக்குத் தெரியுமே இது."

"நீ சும்மா இரு" என்று இவர் அவளை அதட்டினார். தங்கையை அவர் அதட்டி நான் பார்த்ததே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். குட்டிகள் பக்கத்தில் குந்திக்கொண்டிருந்தபோதே தெரியும். கட்டையைத் துடைத்தபோது தெரியும். ஊரே திருடன் என்று சொன்னபோதும் தெரியும்.

நாத்தனார் போன பிறகு கேட்டேன். ஏன்யா, அப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?

"நீ ஆசப்பட்டுப் போட்ட" என்றார். அவ்வளவுதான். எழுந்து போய் மாட்டுக்கார வீட்டில் தவிடு கேட்டு வரக் கிளம்பிவிட்டார்.

நான் சமையல்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அவமானமாக இருந்தது, அவர்மேல் கோபமாக இருந்தது, அவர்மேல் ஆசையாகவும் இருந்தது. பன்றியை விற்க விடமாட்டேன், ஒரே ஒரு வெயில் காலம் எனக்குக் கொடு, அடுத்த கிறிஸ்மஸுக்கும் கறி இப்படியே இருந்தால் நானே உன்னை ஹார்பருக்குக் கூட்டிக்கொண்டு போய் விடுகிறேன் என்று சொன்னேன். தலையை ஆட்டினார்.

விபூதிப் புதன் வந்தது. கெடாவை விட்டார். மறுநாள் காலை நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். அரைமணியில் உடைந்துவிடும் என்று நினைத்தேன், நான்கு நாள் ஆயிற்று. என் தம்பி நல்ல சிமெண்டாகத்தான் கொடுத்திருக்கிறான். கையெல்லாம் கொப்புளம். இவர் உதவிக்கு வந்தால் விரட்டிவிட்டேன், நான் போட்டதை நானே உடைப்பேன் என்று. மணலை அள்ளிக் கொட்டினோம், பாத்திரம் கழுவுகிற தண்ணீரைத் திரும்ப அந்தப் பக்கம் திருப்பினோம். தகரத்தைக் கழற்றி எறிந்துவிட்டுத் தென்னங்கீற்று போட்டோம். பன்றி முதலில் சந்தேகமாக ஒரு காலை வைத்தது. அப்புறம் அப்படியே சரிந்து படுத்து ஒரு பெருமூச்சு விட்டது பாருங்கள், எனக்கே உடம்பு குளிர்ந்துபோனது.

அந்த வருஷமும் கத்திரி ஒன்றும் சளைத்ததில்லை. குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. ஆனாலும் ஒரு நாளைக்கு இரண்டு நடை குழிக்கென்று ஒரு குடம் கொண்டுவந்து ஊற்றுவேன், ஜன்னியாவது ஒன்றாவது. மத்தியானத்தில் வேலை முடித்து நானும் அங்கே கீற்று நிழலில் போய் உட்கார்ந்துகொள்வேன். பன்றி கண்ணை மூடிக் கிடக்கும், வயிற்றில் குட்டிகள் அசைவது சேற்றுக்கு மேலே தெரியும். இவர் வந்து பக்கத்தில் குந்துவார். ஒன்றும் பேசமாட்டார். எனக்கும் அந்த நேரத்தில் பேசத் தோன்றாது. யோசித்துப் பார்த்தால் எங்கள் வாழ்க்கையில் ரொம்ப நன்றாக இருந்த நாட்கள் அவைதான்.

ஆனால் ஒரு வேலையை மட்டும் நான் செய்யவில்லை. அந்த ஈஸ்டருக்குப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன். பன்றியின் சேற்றை மூடினேன் சாமி என்றேன். அதில் பாவம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டார். முழுக் கதையும் சொன்னதும், இதை என்னிடம் சொல்லி என்ன பிரயோஜனம், யார் உன் புருஷனைத் தப்பாக நினைக்கிறார்களோ அவர்களிடம் போய்ச் சொல் என்றார். சரி என்று வந்தேன். சொல்லவில்லை. ஊரில் எல்லாருக்கும் பதில் சொல்கிற வாய், "தப்பு என்னுது" என்று சொல்ல வரவில்லை. அதுவும் அந்தச் சமையல்கார அக்காவிடம். கறி நன்றாக வந்தால் கறியே பேசிவிடும், நான் எதற்குப் பேச வேண்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஜூனில் பத்துக் குட்டி. ஒவ்வொன்றையும் இரண்டு கையால் தூக்க வேண்டியிருந்தது. தட்டு விழுந்தால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி பால் குடித்தன. போன வருஷத்துக் குட்டிகள் போல உருண்டையாகவில்லை, நீளமாக, கட்டாக வளர்ந்தன.

கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் முன்னால் சமையல்கார அக்கா வீட்டுக்குப் போனேன். ஒரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. வாசலில் நின்றபடியே, நாளைக்கு வெட்டும்போது வந்து பக்கத்தில் நில், உன் சட்டியைக் கொண்டுவா, உன் கையாலேயே வதக்கிப் பார் என்று சொல்லிவிட்டு, அவள் பதில் சொல்வதற்குள் திரும்பிவிட்டேன்.

வந்தாள். அவள் வருகிறாள் என்று தெரிந்து ஊரும் வந்துவிட்டது, பாதிப் பேர் வேடிக்கை பார்க்க. நெட்டுக்குப்பத்திலிருந்து நாத்தனாரும் வந்திருந்தாள். இவர் வெட்டினார். கட்டை காய்ந்தே இருந்தது. அக்கா ஒரு துண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், பள்ளம் நிமிர்ந்துவிட்டது. வாசலிலேயே மூன்று கல்லைக் கூட்டிச் சட்டியை வைத்தாள். உப்பும் மிளகும் மட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. கறி தன் கொழுப்பிலேயே வதங்கியது, போட்ட துண்டு போட்டபடி இருந்தது. ஒரு துண்டை ஊதி வாயில் போட்டாள். மென்றாள்.

"கறி கறியா கீது" என்றாள்.

வரிசையில் ஒரு சலசலப்பு. அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் நிஜமாகவே பிரியம் இருந்தது.

"மனுசன்னா ஒரு தபா தப்பு பண்றது தான் தம்பி. திருந்திட்ட, அது போதும். ஆண்டவரு மன்னிச்சிருப்பாரு. நாங்களும் மன்னிச்சிட்டோம்."

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். அவர்கள் முகத்திலும் அதே பிரியம். நான் ஒரு வருஷம் பாடுபட்டுச் செய்தது இதற்குத்தான். இந்த வருஷத்து நல்ல கறி, போன வருஷம் அவர் திருடினார் என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. இவர் என்ன செய்தார் தெரியுமா? "சரிக்கா" என்றார். குனிந்து அடுத்த துண்டை வெட்டப் போனார். காலம் பூராவும் மன்னிக்கப்பட்ட திருடனாக இந்தத் தெருவில் இருந்துவிட்டுப் போக அவர் தயார்.

நான் தராசைக் கீழே வைத்தேன்.

"அக்கா, அவரு தண்ணி ஊத்தல. எப்பவும் ஊத்துனதில்ல. பன்னி படுக்கற சேத்த நான் தான் மூடினேன். சாமியாரு வர்றாருன்னு சிமெண்ட்டு தரை போட்டு, மேல தார்த் தகரம் போட்டேன். வயித்துல குட்டிய வெச்சினு அது வெயில்ல வெந்துச்சி. அதான் கறி அப்டி ஆச்சி. இவருக்குத் தெரியும். என்னைக் காட்டிக் குடுக்கல."

நாத்தனாரும் ஒத்துப் பேசினாள். அதே கெடா, அதே வம்சம், போன வருஷம் தன் வீட்டில் கறி இப்படித்தான் இருந்தது, சேறு ஒன்றுதான் வித்தியாசம் என்றாள். அக்கா என்னையும் இவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அப்புறம் வரிசையின் பின்னாலிருந்து யாரோ, பன்னிக்கு சிமெண்ட்டு தரையா, அப்படியே ஒரு மெத்தையும் போட்டிருக்கலாமே என்றான். ஒருவன் சிரித்தான். அப்புறம் எல்லாரும். சாமியாருக்காகப் பன்னிக்கு வீடு கட்டினவள் என்று ஒருத்தி சொல்ல, சிரிப்பு தெரு முழுக்க ஓடியது. நான் செய்த காரியத்துக்கு அது வேண்டியதுதான். ஆனாலும் முகம் எரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

சத்தம் ஒன்று கேட்டது. இவர் கத்தியைக் கட்டையில் இறக்கியிருந்தார், கறியில் இல்லை, வெறும் கட்டையில். நிமிர்ந்து நின்றார்.

"இன்னாத்துக்குச் சிரிக்கறீங்க? என்னைத் திருடன்னீங்க, கேட்டுக்கினேன். இவளப் பாத்துச் சிரிக்காதீங்க. ஒரு வாயில்லாத ஜீவனுக்குக்கூட நல்ல எடம் வேணும்னு ஆசப்பட்டு இவ கைய்யால போட்ட தரை அது. தப்பா போச்சி. இவளே ஒடச்சா. உங்கள்ல எவனாச்சும் இப்டி நாலு பேரு முன்னால தப்பு என்னுதுன்னு சொல்லிக்கீறீங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. அத்தனை வருஷத்தில் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. தனக்காக ஒரு வருஷம் வாயைத் திறக்காத மனிதர். எனக்கு எதிரே நின்றவர்கள் எல்லாரும் மங்கலாகத் தெரிந்தார்கள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தராசைத் தூக்கினேன்.

அவர் கத்தியை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. புளியங்கட்டையில் பாதிக்கு இறங்கியிருந்தது. ஒரு காலைக் கட்டையில் ஊன்றி இரண்டு கையாலும் இழுத்தார், அப்போதும் வரவில்லை, அவருக்கு வியர்த்துவிட்டது. சமையல்கார அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். கறி வாங்கக் கொண்டுவந்திருந்த பாத்திரத்தை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"மெள்ள எடு தம்பி," என்றாள், "நாங்க நிக்கறோம்."